மெத்தோட்ரெக்ஸேட் போதாதபோது: முடக்குவாத மூட்டில் எந்த உயிரணுவைத் தடுப்பது?

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை மாதக்கணக்கில் உட்கொண்ட பிறகும் விரல் மூட்டுகளின் வீக்கம் வடியவில்லை என்றால், மருத்துவர் அடுத்த கட்ட மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவர் சொல்லும் பெயர்கள் நீளமானவை. கையில் தரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்த சந்திப்புக்குள் வீட்டில் கலந்து பேசி முடிவு சொல்லும்படி கேட்டுக்கொள்வார். சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மூத்தோருக்கு மொழிபெயர்த்து உதவும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இவற்றில் எது அதிகச் சக்தியான மருந்து?" என்பதுதான். வாசகர்களும் அதையே எழுதிக் கேட்கிறார்கள்.

அதற்கு விடை உண்டு; ஆனால் அந்த விடை தேர்வு செய்ய உதவாது. மெத்தோட்ரெக்ஸேட் போதாதவர்களுக்கு இந்தப் புதிய மருந்துகளில் எதைச் சேர்த்துக் கொடுத்தாலும், பெரிய ஆய்வுகளில் ஏறக்குறைய 100 பேரில் 60 பேருக்கு நோயின் அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்காவது குறைகின்றன, 40 பேருக்குப் பாதியாகின்றன, 20 பேருக்கு மட்டுமே 70 விழுக்காடு குறைகின்றன. மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு சிறிதளவே மாறுகிறது. பெரிதும் மாறுவது வேறு: ஒவ்வொரு மருந்தும் மூட்டுக்குள் எந்த உயிரணுவின் வேலையைத் தடுக்கிறது, அதே உயிரணு உடலின் வேறோர் இடத்தில் செய்துவந்த நல்ல வேலை அதனால் எப்படித் தடைபடுகிறது என்பவையே ஒருவருக்கு ஏற்ற மருந்தை இன்னொருவருக்கு ஆபத்தாக்குகின்றன. அந்தக் கோணத்திலிருந்தே இங்கு ஒப்பிடுகிறேன். முடிவை உங்கள் மருத்துவருடன் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவரிடம் எதையெல்லாம் கேட்பது என்பதற்கு இது பயன்படட்டும்.

## தேர்வுக்கான அளவுகோல்கள்

முதலாவது, நோய் எவ்வளவு வேகமாக எலும்பை அரிக்கிறது என்பது. ஆன்டி-சிசிபி எனும் எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது, ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற இன்னோர் எதிர்ப்பொருள் உயர்ந்திருப்பது, எக்ஸ்ரேயில் ஏற்கெனவே அரிப்பு தெரிவது, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தின் அளவு இறங்காமல் இருப்பது ஆகியவை அந்த வேகத்தின் அடையாளங்கள்.

இரண்டாவது, உடலில் உறங்கிக் கிடக்கும் தொற்றுகள். சிங்கப்பூரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மூத்த தலைமுறையினரில் பலர் இளவயதில் காசநோய்க் கிருமியைப் பெற்று, நோய்வாய்ப்படாமலேயே அதைச் சுமந்து வருகிறார்கள். தமிழகத்துக்கு அடிக்கடி சென்று மாதக்கணக்கில் தங்கி வருபவர்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987இலிருந்துதான் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் தமக்கு அந்தக் கிருமி இல்லை என்று தாமாகவே முடிவுசெய்துகொள்ளக் கூடாது.

மூன்றாவது, மற்ற உறுப்புகளின் நிலை: நுரையீரல், இதயம், குடல், இரத்த உறைகட்டி, முன்பு வந்த புற்றுநோய். நான்காவது, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்து உட்கொள்ள முடிகிறதா என்பது. ஐந்தாவது, பிள்ளைப்பேறு பற்றிய எண்ணம். ஆறாவது, ஊசி, குளிர்பதனப் பெட்டி, பயணம், வேலை நேரம் முதலிய அன்றாட வசதிகள். ஏழாவது, பணம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சில மருந்துகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். எஞ்சியவற்றுக்குள்தான் மற்ற அளவுகோல்கள் வேலை செய்கின்றன. ஆனால் வீட்டில் பேசும்போது பெரும்பாலான குடும்பங்கள் ஆறாவதிலும் ஏழாவதிலும் தொடங்குவதைப் பார்க்கிறேன்.

## மூட்டின் உட்படலத்தில் நடப்பது

மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்பக்கத்தில் சினோவியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. நலமான மூட்டில் அதன் மேற்பரப்பு ஒன்று முதல் மூன்று உயிரணு அடுக்குகளே கொண்டது. மூட்டுக்கு வழவழப்புத் தரும் திரவத்தைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களும், கழிவை விழுங்கி அப்புறப்படுத்தும் மேக்ரோஃபேஜ்களும் அங்கே அமைதியாக வேலை செய்கின்றன. முடக்குவாதத்தில் இந்தப் படலம் பத்து அடுக்குக்கும் மேலாகத் தடித்து, புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்டு, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கிறது. தொட்டால் மெத்தென்று அழுந்தும் வீக்கம் என மருத்துவர் சொல்வது இந்தத் தடித்த படலத்தைத்தான்.

இந்த மாற்றத்தின் தொடக்கம் மூட்டில் இல்லாமலும் இருக்கலாம். புகைபிடிப்போரின் நுரையீரலிலும் ஈறு நோயுள்ளோரின் வாயிலும் சில புரதங்கள் சிட்ருலினேற்றம் என்ற மாற்றத்துக்கு உள்ளாகின்றன. மரபுவழி வாய்ப்புள்ளவர்களின் உடல் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதி ஆன்டி-சிசிபி போன்ற எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. மூட்டு வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை இரத்தத்தில் தென்படலாம். நோய் மூட்டில் வேர்விட்ட பிறகு, படலத்தின் அடிப்பகுதியில் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா உயிரணுக்களும் வந்து குவிகின்றன. சில நோயாளிகளிடம் அவை நிணநீர்க் கணுவைப் போன்ற அமைப்பையே மூட்டுக்குள் உருவாக்கிவிடுகின்றன. பி உயிரணுக்களை மூட்டுக்கு அழைத்து உதவும் ஒருவகை டி உயிரணுவை 2017இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். எதிர்ப்பொருள் உள்ள நோயாளிகளின் படலத்தில் அது மிகுதியாக இருந்தது.

தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. டிஎன்எஃப் இரத்தக் குழாய்ச் சுவரைத் தூண்டி மேலும் உயிரணுக்களை உள்ளே இழுக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பதிலுக்கு இன்டர்லூக்கின்-6ஐப் பெருமளவில் சுரந்து, குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளையும் வெளியிடுகின்றன. ராங்க்-எல் என்ற புரதம் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் உயிரணுக்களைத் தோற்றுவிக்கிறது. ஒவ்வொரு உயிரணுவும் மற்றொன்றைத் தூண்டும் இந்தச் சுற்று, எரிகிற அடுப்பில் பலர் ஒரே நேரத்தில் விறகு வைப்பதைப் போன்றது. ஒருவர் கையைப் பிடித்தால் தீ தணியும், ஆனால் யாருடைய கை அதிகம் வைக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

அப்படி மாறுவதற்குச் சான்று உண்டு. திசுவை நுண்ணோக்கியில் பார்த்து மூன்று வகைகளாக ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள்: பி, டி உயிரணுக்கள் குவிந்து கிடப்பது, மேக்ரோஃபேஜ் வகையினமே பரவலாக இருப்பது, நோயெதிர்ப்பு உயிரணுக்கள் மிகக் குறைந்து ஃபைப்ரோபிளாஸ்ட்களே ஆள்வது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 79 பேரின் திசுவிலிருந்து 314,000க்கும் மேற்பட்ட உயிரணுக்களைத் தனித்தனியாக ஆராய்ந்து, ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்களே ஆளும் வகையினர் பல மருந்துகளுக்கும் சரியாகப் பலன் காட்டாததில் வியப்பில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட்டையே குறிவைக்கும் மருந்து எதுவும் முடக்குவாதத்துக்கு இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை.

மூட்டில் ஒரு பொருள் இருக்கிறது என்பதாலேயே அதைத் தடுத்தால் நோய் குறையும் என்று சொல்லிவிடவும் முடியாது. இன்டர்லூக்கின்-17 முடக்குவாத மூட்டிலும் இருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் நன்கு பலன் தந்தன, முடக்குவாதத்தில் ஏமாற்றின. ஆகவே கீழே வரும் ஒப்பீட்டில் உயிரணு பற்றிய விளக்கத்தைவிட மனிதர்களிடம் செய்த ஆய்வின் முடிவுக்கே அதிக மதிப்புத் தருகிறேன்.

## ஒரே பார்வையில் ஆறு வழிகள்

| வழி | மூட்டில் தடுப்பது | எடுக்கும் முறை | தொடங்குமுன் பார்க்க வேண்டியது |
|---|---|---|---|
| மூன்று மாத்திரைக் கூட்டு | பல உயிரணுக்களைப் பொதுவாகத் தணிப்பது | மாத்திரை | ஜி6பிடி குறைபாடு, கல்லீரல், கண் |
| டிஎன்எஃப் தடுப்பு | மேக்ரோஃபேஜ் சுரக்கும் டிஎன்எஃப் | தோலடி ஊசி அல்லது இரத்தநாளத்தில் ஏற்றுதல் | காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, இதயச் செயலிழப்பு |
| இன்டர்லூக்கின்-6 தடுப்பு | அந்தப் புரதத்தின் ஏற்பி | தோலடி ஊசி அல்லது ஏற்றுதல் | காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, கல்லீரல், குடல் |
| அபட்டசெப்ட் | டி உயிரணு தூண்டப்படுவது | தோலடி ஊசி அல்லது ஏற்றுதல் | காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு |
| ரிட்டுக்ஸிமாப் | பி உயிரணு | ஏற்றுதல் | ஹெப்படைட்டிஸ் பி, இம்யூனோகுளோபுலின் அளவு, தடுப்பூசிகள் |
| ஜேக் தடுப்பு | உயிரணுவுக்குள் செல்லும் சமிக்ஞை | மாத்திரை | காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, வயது, புகைப்பழக்கம், இதயம், உறைகட்டி |

## மூன்று மாத்திரைக் கூட்டு

மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சல்ஃபாசலஸீன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய பழைய மாத்திரைகளைச் சேர்ப்பது இந்த வழி. இதைக் குறைவாக மதிப்பிடுவது தவறு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் போதாத 353 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கூட்டையும் மற்றவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டுடன் எட்டனர்செப்ட் என்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசியையும் கொடுத்தார்கள். 24 வாரத்தில் முன்னேறாதவர்களை எதிர்வழிக்கு மாற்றினார்கள். இரு பக்கத்திலும் ஏறக்குறைய 27 விழுக்காட்டினரே மாற வேண்டியிருந்தது. 48 வாரத்தில் முதலில் எதைத் தொடங்கினாலும் பலன் ஒப்பானதாகவே இருந்தது.

விலை குறைவு, காசநோயைத் தூண்டும் கவலையும் ஊசிகளைவிடக் குறைவு. மறைந்திருக்கும் செலவு மாத்திரைகளின் எண்ணிக்கையிலும் வயிற்றுக் குமட்டலிலும் இருக்கிறது. பலர் சில மாதங்களில் ஒன்றைத் தாமாகவே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்வதில்லை. சல்ஃபாசலஸீன், ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள்; அதற்கு முன் பிறந்தவர்களும் வேறு நாட்டில் பிறந்து இங்கு வந்தவர்களும் தமக்குச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு விழித்திரைச் சோதனை தேவை.

எலும்பரிப்பு இல்லாமல், எதிர்ப்பொருள் குறைவாக இருந்து, மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளக்கூடியவருக்கு இது நேர்மையான முதல் தெரிவு. அரிப்பு வேகமாக இருந்தால் இதில் ஆறு மாதம் செலவழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள்

மூட்டு உயிரணுக்களை நோக்கிய மருந்துகளின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழுவினர் நோயாளிகளின் மூட்டுத் திசுவிலிருந்து எடுத்த உயிரணுக்களை வளர்த்து, டிஎன்எஃபை மட்டும் தடுத்தால் மற்ற அழற்சிப் புரதங்களும் குறைவதை 1989இல் காட்டினார்கள். 1992இல் முதல் நோயாளிகளுக்கு அந்த மருந்து ஏற்றப்பட்டது. எட்டனர்செப்ட் 1998இலும், இன்ஃப்ளிக்ஸிமாப் 1999இலும், அடலிமுமாப் 2002இலும் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அங்கீகாரம் பெற்றன. கால் நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் இருப்பதும், மூல மருந்துக்கு நிகரான பயோசிமிலர்கள் வந்து விலை இறங்கியிருப்பதும் இவற்றின் பெரும் பலம்.

இவற்றின் பெரும் பலவீனம் காசநோய். நுரையீரலில் பழைய கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் அரண் அமைத்து அடைத்து வைத்திருக்கின்றன. அந்த அரண் குலையாமல் இருப்பதற்கு டிஎன்எஃப் தேவை. அதைத் தடுத்தால் கிருமி வெளியேறலாம். ஆகவே தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான இரத்தச் சோதனையும் செய்வார்கள். பிறந்தவுடன் பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோலில் செய்யும் சோதனை தவறாகக் கிருமி இருப்பதாகக் காட்டக்கூடும். இரத்தச் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. உறங்கும் கிருமி இருந்தால் மாதக்கணக்கில் தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டும், ஊசியைத் தொடங்கக் குறைந்தது ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்தை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. வலியில் இருப்பவருக்கு அந்த ஒரு மாதம் நீளமானது.

இன்னொரு மறைவான செலவு, பலன் தேய்வது. உடல் சில ஊசிகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டைச் சேர்த்து உட்கொண்டால் அது குறையும். ஊசி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடும் பழக்கம் நம் மூத்தோரிடம் இருக்கிறது. "ரெண்டும் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஊசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்பதால், மருந்தகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் ஊருக்குச் செல்லும்போதும் குளிர்ப்பையும் மருத்துவரின் கடிதமும் தேவை.

தனித் தடை எதுவும் இல்லாத பெரும்பாலோருக்கு இதன் பயோசிமிலரே முதல் ஊசியாக இருப்பது சரி என்று நினைக்கிறேன். பிள்ளைப்பேறு எண்ணமுள்ள பெண்களுக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செர்ட்டோலிசுமாப் குறிப்பாக ஏற்றது. அதன் அமைப்பு காரணமாக அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவர் சொல்லும் கால அளவுக்கு நிறுத்தியாக வேண்டும். இதயச் செயலிழப்பு முற்றியவர்களுக்கு இந்தக் குடும்பம் முழுவதுமே தவிர்க்கத்தக்கது.

## இன்டர்லூக்கின்-6 தடுப்பு

ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் குழு கண்டறிந்த இன்டர்லூக்கின்-6 மூட்டோடு நிற்பதில்லை. அது கல்லீரலைத் தூண்டி சிஆர்பியை உயர்த்துகிறது. உடல் இரும்புச் சத்தைப் பயன்படுத்தவிடாமல் இரத்தசோகையை உண்டாக்குகிறது. ஆகவே அதன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மூட்டு வலியோடு சோர்வையும் சோகையையும் குறைப்பது பலருக்கு நன்றாகத் தெரிகிறது. மெத்தோட்ரெக்ஸேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவே வலுவான தெரிவு: 2013இல் வெளியான, 326 பேரைக் கொண்ட ஆய்வில், மாத்திரை இல்லாமல் தனியாகக் கொடுத்தபோது அடலிமுமாபைவிட டோசிலிசுமாப் தெளிவாக மேம்பட்டது.

இதன் செலவு சற்று நுட்பமானது. சிஆர்பியை உண்டாக்கும் கட்டளையையே இந்த மருந்து நிறுத்திவிடுவதால், உடலில் தொற்று இருந்தாலும் இரத்தச் சோதனை இயல்பாகத் தோன்றலாம், காய்ச்சலும் குறைவாகத் தெரியலாம். வெள்ளணுக்களும் இம்மருந்தால் குறையலாம். டெங்கியும் வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதால், டெங்கி பரவும் இந்த ஊரில் உடல்நலமில்லாமல் எந்த மருந்தகத்துக்குப் போனாலும், முதல் வாக்கியத்திலேயே இந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குடற்சுவரில் பை போன்ற புடைப்புகளும் அவற்றில் அழற்சியும் வந்தவர்களுக்குக் குடல் துளைபடும் ஆபத்து இருப்பதால் இது ஏற்றதன்று. கொழுப்பு அளவு உயரும். அதற்கெனத் தனி மாத்திரை சேரலாம்.

## அபட்டசெப்ட்

டி உயிரணு முழுமையாகத் தூண்டப்பட இரண்டு சமிக்ஞைகள் தேவை. இரண்டாவது சமிக்ஞையை அபட்டசெப்ட் மறித்துவிடுகிறது. சுற்றின் மேல்முனையில் தடுப்பதாலோ என்னவோ, பலன் தெரியச் சற்றுக் கூடுதல் வாரங்கள் ஆகலாம். ஆனால் 646 பேரை அடலிமுமாபுடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டு ஆண்டுகள் வரை பலன் இரண்டுக்கும் நிகராக இருந்தது.

ஆன்டி-சிசிபி மிகுந்தவர்களிடம் இது நன்கு வேலை செய்கிறது. நுரையீரல் திசு தடிப்பு ஏற்கெனவே தொடங்கிய முடக்குவாத நோயாளிகளுக்குப் பல வாதநோய் மருத்துவர்கள் இதை முன்வைக்கிறார்கள். கடும் தொற்று ஆபத்தும் மற்ற ஊசிகளோடு ஒப்பிடுகையில் மிதமானது. புகைப்பழக்கத்தால் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. என் பார்வையில், எழுபது வயதைத் தாண்டிய, எதிர்ப்பொருள் உயர்ந்த, அடிக்கடி சளிப் பிடிக்கும் ஒருவருக்கு இது உரிய கவனத்தைப் பெறுவதில்லை. டிஎன்எஃப் ஊசிகளின் பெயர் பழகிப்போனதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

## ரிட்டுக்ஸிமாப்

பி உயிரணுவின் மேலுள்ள சிடி20 என்ற குறியைப் பற்றிக்கொண்டு அதை அழிக்கும் மருந்து இது. பிளாஸ்மா உயிரணுக்களில் அந்தக் குறி இல்லாததால் பழைய எதிர்ப்பொருள் சுரப்பு உடனே நிற்காது. வழக்கமாக இரண்டு வார இடைவெளியில் இரு முறை ஏற்றி, ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு தேவையைப் பார்த்து மீண்டும் தருவார்கள். ஊசி போட்டுக்கொள்ளத் தயங்குபவர்களுக்கு இது வசதி. வேலைக்குச் செல்பவர்களுக்கு ஏற்றும் நாளில் விடுப்பு தேவை.

ஹெப்படைட்டிஸ் பி பற்றி நான் முன்பு சொன்னது இங்கே மிகக் கூர்மையாகிறது. கிருமி நீங்கிவிட்டது என்று பழைய அறிக்கை சொன்னாலும், கல்லீரலில் அதன் எச்சம் உறங்கிக் கிடக்கலாம். பி உயிரணுக்கள் இல்லாமல் போனால் அது மீண்டும் எழுந்து கடும் பாதிப்பை உண்டாக்கலாம். ஆகவே மேற்பரப்புப் புரதச் சோதனையோடு, கடந்தகாலத் தொற்றைக் காட்டும் 'கோர்' எதிர்ப்பொருள் சோதனையும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். மருந்தை ஏற்றிய பின் பல மாதங்களுக்குத் தடுப்பூசிகள் சரியாகப் பலன் தராது. எனவே போட வேண்டியவற்றை முன்னதாகவே போட்டு முடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றினால் இம்யூனோகுளோபுலின், அதாவது இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களின் மொத்த அளவு, இறங்கலாம்.

முன்பு நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், டிஎன்எஃப் ஊசி பலனளிக்காத, எதிர்ப்பொருள் உள்ள நோயாளிகளுக்கும் இது பொருத்தமானது. எதிர்ப்பொருள் இல்லாதவர்களிடம் பலன் குறைவு.

## ஜேக் தடுப்பு மாத்திரைகள்

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபடாசிட்டினிப் ஆகியவை உயிரணுவுக்குள் சென்று, ஜேக் எனும் நொதிகளை முடக்கி, இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் முதலிய பல புரதங்களின் சமிக்ஞை உட்கருவை எட்டாமல் தடுக்கின்றன. மாத்திரை, குளிர்பதனம் வேண்டாம், சில வாரங்களிலேயே பலன், மெத்தோட்ரெக்ஸேட் இல்லாமலும் வேலை செய்யும்: இவ்வளவையும் கேட்டதும் பெரும்பாலான குடும்பங்கள் இதைத்தான் விரும்புகின்றன. தொற்று வந்தால் நிறுத்திய சில நாட்களில் உடலிலிருந்து நீங்கிவிடுவதும் நல்ல அம்சமே.

ஆனால் இதயமும் புற்றுநோயும் பற்றிய ஆய்வை யாரும் கடந்துபோக முடியாது. 50 வயதைத் தாண்டி, இதயநோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் டோஃபாசிட்டினிபையும் டிஎன்எஃப் ஊசிகளையும் ஒப்பிட்ட முடிவு 2022இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரிய நிகழ்வுகள் மாத்திரைப் பிரிவில் 3.4 விழுக்காடு, ஊசிப் பிரிவில் 2.5 விழுக்காடு. புற்றுநோய் முறையே 4.2, 2.9 விழுக்காடு. உறைகட்டிகளும் கூடுதலாக இருந்தன. இதன் விளைவாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இலேயே இந்தக் குடும்பம் முழுவதற்கும் கடும் எச்சரிக்கை சேர்த்தது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நம் இந்தியச் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதை நினைத்தால், 'மாத்திரைதானே' என்ற எண்ணம் எனக்குக் கவலை தருகிறது.

அக்கி இன்னொரு செலவு. ஆசிய நாட்டவரிடையே, குறிப்பாக ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில், இம்மாத்திரைகளால் அக்கி வருவது அதிகம் என்று தெரிந்திருக்கிறது. உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசியை மாத்திரை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கருத்தரிக்க எண்ணுபவர்களுக்கு இந்த வழி கூடாது. ஐம்பது வயதுக்குக் கீழே, புகைப்பழக்கமும் இதய ஆபத்தும் இல்லாமல், அடிக்கடி பயணம் செய்பவருக்கு இதைத் தயக்கமின்றி எடுத்துச் சொல்லலாம்.

## திசுவை எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாதா?

மூட்டுக்குள் எந்த உயிரணு ஆள்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மருந்தைக் கொடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. ஸ்கேன் உதவியுடன் ஊசியால் படலத்தின் துணுக்கை எடுப்பது இன்று சாத்தியம். டிஎன்எஃப் ஊசி பலன் தராத 164 பேரிடம் செய்த ஐரோப்பிய ஆய்வு 2021இல் வெளியானது. திசுவில் பி உயிரணு குறைவாக உள்ளவர்களை நுண்ணோக்கியால் தேர்ந்தபோது ரிட்டுக்ஸிமாபுக்கும் டோசிலிசுமாபுக்கும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மரபணுச் செயல்பாட்டை அளந்து தேர்ந்தபோது ரிட்டுக்ஸிமாபால் 36 விழுக்காட்டினரும் டோசிலிசுமாபால் 63 விழுக்காட்டினரும் பலன் பெற்றார்கள். ஆனால் ஊசி மருந்தே எடுக்காதவர்களிடம் செய்த அடுத்த ஆய்வில், 2023இல், திசுவில் பி உயிரணு மிகுந்திருப்பதும் குறைந்திருப்பதும் எந்த மருந்து பலன் தரும் என்பதைச் சொல்லவில்லை.

ஆகவே இந்தச் சோதனை இன்று வழக்கமான சிகிச்சையின் பகுதியாக இல்லை. மூட்டு மருந்துகளின் எதிர்காலம் இங்கேதான் இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன். ஆய்வில் பங்கேற்க அழைப்பு வந்தால் தீவிரமாக யோசியுங்கள். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

## சிங்கப்பூரில் பணக் கணக்கு

முடக்குவாதம் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு ஆண்டு வரம்பு உண்டு, ஊசி மருந்தின் விலைக்கு அது பெரும்பாலும் எட்டாது. பொது மருத்துவமனையின் நிபுணத்துவப் பிரிவில் மானியம் பெற, பலதுறை மருந்தகத்திலிருந்தோ சாஸ் எனும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்திலுள்ள மருத்துவரிடமிருந்தோ பரிந்துரை தேவை, மானிய அளவு குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மானியமில்லாத தனியார் நோயாளியாக ஊசியைத் தொடங்கிவிட்டு ஓராண்டில் சேமிப்பு கரைந்த பிறகு மானியப் பிரிவுக்கு மாற முயல்வது அலைச்சலும் இடைவெளியும் நிறைந்தது. முதலிலேயே அந்தப் பாதையில் நுழைவது நல்லது.

சில ஊசிகளுக்கும் ஜேக் மாத்திரைகளுக்கும் மருத்துவ நிபந்தனைகள் நிறைவேறினால் மருந்து உதவி நிதி கிடைக்கலாம். எந்த மருந்தின் எந்த பயோசிமிலர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். மருந்தை முடிவுசெய்யும் முன்பே மருத்துவ சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். பிறகு கேட்பதைவிட அது பயன் தரும். தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள், வெளிநோயாளியாகப் பெறும் ஊசிக்கு ஈடு உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

விலை மலைப்பைத் தந்ததும் சிலர் இணையத்திலும் ஊரிலும் விற்கும் மூட்டுவலிப் பொடிகளை நாடுகிறார்கள். அத்தகைய பொருள்கள் சிலவற்றில் அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியை விரைவில் குறைக்கும் என்பதால் பொடி வேலை செய்வதாகவே தோன்றும். அதற்குள் எலும்பு மெலிந்து, சர்க்கரை ஏறி, உறங்கும் காசநோயும் விழித்துக்கொள்ளலாம்.

## எப்போது மாற்றுவது, எப்போது குறைப்பது

எதைத் தேர்ந்தாலும் மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் இலக்கை எட்ட வேண்டும். இல்லையென்றால் மாற்றுவதே பன்னாட்டு வழிகாட்டுதல்களின் நிலை. ஒரு டிஎன்எஃப் ஊசி தொடக்கத்திலிருந்தே பலன் தரவில்லை என்றால், அதே குடும்பத்தில் இன்னொன்றைவிட வேறு உயிரணுவைக் குறிவைக்கும் மருந்துக்கு மாறுவது பற்றிக் கேட்கலாம்.

மருந்து வாழ்நாள் முழுவதுமா என்ற கேள்விக்கும் மூட்டுத் திசுவில் ஒரு பகுதி விடை இருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியவர்களின் படலத்தில் அழற்சியைத் தணிக்கும் தனிவகை மேக்ரோஃபேஜ்கள் இருப்பதைக் கண்டார்கள். அவை குறைவாக இருந்தவர்களுக்கு, வெளியே வீக்கம் இல்லாவிட்டாலும், மருந்தைக் குறைத்ததும் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆகவே வலி போய்விட்டது என்பதை வைத்து மட்டும் ஊசியை நிறுத்தக் கூடாது. நோய் குறைந்தது ஆறு மாதமாவது முழுமையாக அடங்கியிருந்து, ஸ்டீராய்டு முதலில் நிறுத்தப்பட்ட பிறகு, ஊசிகளுக்கு இடையிலான நாட்களைச் சிறிது சிறிதாக நீட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் மருத்துவரின் சந்திப்புகளை மட்டும் நீட்டிக்கொள்ளக் கூடாது.